காது மெஷினும் கைவிட்ட பிறகு: காக்ளியர் இம்பிளாண்ட் வரை ஒரு வழிகாட்டி

தஞ்சாவூரில் சின்னதாக ஒரு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு எவ்வளவு காது கேட்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது 2020-ல், எல்லாரும் மாஸ்க் மாட்டிக்கொண்டபோது. அதுவரை காது மெஷின் போட்டுச் சமாளிப்பதாக நினைத்திருந்தேன். சமாளித்தது கண்தான். வருகிறவர்களின் உதட்டைப் பார்த்தே பாதி வியாபாரம் நடந்திருக்கிறது. உதடு துணிக்குப் பின்னால் போனதும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் வெறும் கண்கள் நின்றன. ஒரு அம்மா இருமலுக்குக் கேட்கிறாரா எரிச்சலுக்குக் கேட்கிறாரா என்று பிடிபடாமல் மூன்று முறை கேட்டுவிட்டு, நான்காவது முறை சீட்டையும் பேனாவையும் நீட்டினேன். மளிகைக் கடையில் தப்பாகக் காதில் விழுந்தால் உளுந்துக்குப் பதில் பயறு போகும். மருந்துக் கடையில் அப்படி விட முடியாது.

இரண்டு வருடம் கழித்து வலது காதில் காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது கேள்வி நரம்பை மின்சாரத்தால் நேரடியாகத் தூண்டும் கருவி, வைத்துக்கொண்டேன். ஆபரேஷன் மூன்று மணி நேரம்கூட இல்லை. அதில் என் பங்கு தூங்குவது மட்டும். நானும் வீட்டிலிருப்பவர்களும் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான் இருந்தது, அதை யாரும் எனக்கு வரிசையாகச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது பேச்சு வந்த பிறகு, பெரியவர்களான பின் செவித்திறனை இழந்தவர்களுக்கானது. பிறவியிலேயே கேளாத குழந்தைகளின் கணக்கு வேறு. அங்கே ஒவ்வொரு மாதமும் முக்கியம், இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

1. முதலில் கணக்கெடுங்கள்

அவசரமான ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நன்றாக இருந்த காது ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ திடீரென்று அடைத்துக்கொண்டால் 'அழுக்கு சேர்ந்திருக்கும்' என்று சொட்டு மருந்து வாங்க என் மாதிரி கடைக்கு வராதீர்கள். அன்றைக்கே இஎன்டி டாக்டரிடம் போங்கள். நரம்பு சம்பந்தப்பட்ட திடீர் கேளாமை என்றால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு கேட்காமல் போனாலும் அப்படியே. உள்காது எலும்பாக இறுகத் தொடங்கிவிடலாம், அப்புறம் இம்பிளாண்ட் வைக்கவே இடம் இல்லாமல் போகலாம்.

என்னுடையது அப்படியில்லை. பத்துப் பதினைந்து வருடமாக மெதுவாகக் குறைந்தது. காரணம் கடைசிவரை தெரியவில்லை, பெரியவர்களில் பலருக்கு இப்படித்தான் முடிகிறது. தொழில் தெரிந்தவன் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகளும் புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் உள்காதைப் பாதிக்கக்கூடியவை. ஏற்கெனவே காதில் குறை இருந்தால், எந்த வியாதிக்குப் போனாலும் மருந்து எழுதுவதற்கு முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

சோதனைகளில் முதலாவது ஆடியோகிராம். ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறனை அளக்கும் நிபுணர், உங்களை ஒரு சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து 'கூ' என்ற ஒலிகளைக் கொடுத்து, கேட்கும்போது பட்டனை அழுத்தச் சொல்வார். வரைபடத்தில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. இடமிருந்து வலமாகப் போகப் போகச் சன்னமான, கீச்சென்ற ஒலிகள். மேலிருந்து கீழே போகப் போக உங்களுக்குத் தேவைப்படும் சத்தம். கோடு எவ்வளவு கீழே கிடக்கிறதோ அவ்வளவு கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 65 முதல் 80 டெசிபல் வரை கடுமையான கேளாமை, 80-க்கு மேல் மிகக் கடுமையானது. எதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60 டெசிபல்.

அந்தக் கோட்டைவிட முக்கியமானது அடுத்த சோதனை. ஒரு வரிசை வார்த்தைகளைச் சொல்லி, எத்தனையைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். 'கேட்குது, ஆனா புரியலை' என்று நம்மவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பது இங்கேதான் எண்ணாக வந்து நிற்கும். சத்தமாகப் பேசு என்போம், கொஞ்சம் உயர்த்தினால் 'ஏன் கத்துறே' என்போம். வீட்டிலிருப்பவர்களுக்கு இது வீம்பு மாதிரி தெரியும். வீம்பில்லை. உள்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும், முடி போன்ற இழைகள் கொண்ட செல்கள் ஒரே வரிசையில் 3,500 அளவில்தான் இருக்கின்றன. மனிதர்களுக்கு அவை போனால் திரும்ப முளைப்பதில்லை. செல்கள் போன இடத்தில் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் சத்தம்தான் கூடும், தெளிவு கூடாது.

2. மெஷின் இனி போதாது என்று எப்போது முடிவு செய்வது

முழுச் செவிடாகிற வரை காத்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். ஒரு காது எத்தனை வருடம் சத்தமில்லாமல் கிடக்கிறதோ, அந்த அளவுக்கு மூளை அதை மறந்துவிடுகிறது. பிறகு இம்பிளாண்ட் வைத்தாலும் பலன் குறையும், மெதுவாகவும் வரும்.

ஆடியாலஜிஸ்டுகள் இப்போது வைத்திருக்கும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. இரண்டில் நல்ல காது கேட்கத் தேவைப்படும் சத்தத்தின் சராசரி 60 டெசிபலோ அதற்கு மேலோ இருந்து, மெஷின் இல்லாமல் வார்த்தைகளில் 60 சதவீதமோ அதற்குக் கீழோதான் பிடிபடுகிறது என்றால் இம்பிளாண்ட் மதிப்பீட்டுக்கு அனுப்பிவிடலாம். மதிப்பீட்டுக்குப் போவதனாலேயே ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று ஆகிவிடாது.

அதற்கு முன் மெஷினுக்கு நியாயமான வாய்ப்பு கொடுத்தீர்களா என்று பாருங்கள். விளம்பரத்தைப் பார்த்து வாங்கி, காதுக்கேற்றபடி டியூன் செய்யாமல் மேஜை டிராயரில் கிடக்கும் மெஷினை வைத்து 'எனக்கு மெஷின் ஒத்துவரலை' என்று சொல்ல முடியாது. உங்கள் ஆடியோகிராமை வைத்து அமைத்த, போதுமான சக்தியுள்ள மெஷினை நாள் முழுக்க சில மாதம் போட்டுப் பாருங்கள். இம்பிளாண்ட் மதிப்பீட்டிலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். பலன் குறைவாக இருந்தாலும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். நரம்புக்கு ஏதோ ஒரு சத்தம் போய்க்கொண்டிருப்பதே பின்னாளுக்கு முதலீடு.

3. காத்திருக்கும் காலத்தில் வீடு

முடிவெடுப்பது, பணம் புரட்டுவது, சோதனைகள் என்று சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அந்த ஒரு வருடமும் வாழ்ந்தாக வேண்டுமே. அதனால் இந்தப் பகுதி கொஞ்சம் நீளம்.

முதலில் தலையாட்டுவதை நிறுத்துங்கள். எனக்கு இது எப்படி நின்றது என்று சொல்கிறேன். பல வருடமாக மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பெரியவர் ஒருவர் ஒரு நாள் ஏதோ சொன்னார். நானும் வழக்கம்போலச் சிரித்து, 'ரொம்ப நல்லதுங்கய்யா' என்றேன். அவர் அப்படியே நின்றார். கடைப் பையன் என் கையைத் தொட்டு, பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான்: 'அவங்க சம்சாரம் தவறிட்டாங்களாம்.' அன்றிலிருந்து புரியாததற்குத் தலையாட்டுவதில்லை. 'எனக்குக் காது கேட்காது, முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்லுங்கள்' என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுகிறேன். முதல் பத்து தடவை நாக்கு கூசும். டமாரம் என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறவர்கள் எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள்.

அடுத்தது உதடு. தமிழில் உதட்டைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றேபோல இருக்கும். கண்ணாடி முன் சத்தம் வராமல் சொல்லிப் பாருங்கள்: பாடு, மாடு. பணம், மனம். பல்லி, மல்லி. 'மருந்து' என்றாலும் 'பருந்து' என்றாலும் வாய் ஒரே மாதிரிதான் அசைகிறது, என் கடையில் பருந்து கேட்டு யாரும் வருவதில்லை என்பதால் பிழைத்தேன். க, ங, ட, ண எல்லாம் வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். அதனால் உதட்டிலிருந்து கிடைப்பது பாதிக்கும் குறைவு, மீதியை நிரப்புவது சந்தர்ப்பம். வீட்டிலிருப்பவர்களுக்கான விதிகள் இதிலிருந்துதான் வருகின்றன.

பேசுவதற்கு முன் தோளைத் தொடவும், அல்லது விளக்கைப் போட்டு அணைக்கவும். பேச்சு எதைப் பற்றியது என்று முதலில் சொல்லவும்: 'கல்யாண விஷயம்', அப்புறம் மற்றது. புரியவில்லை என்றால் அதே வார்த்தையை ஆறு தடவை கத்தாமல் மாற்றிச் சொல்லவும். 'மோர்?' என்ற ஒற்றைச் சொல் எனக்குப் பிடிபடாது. 'சோத்துக்குக் கடைசியில மோர் ஊத்தட்டுமா?' என்றால் பிடிபடும். வாக்கியம் நீண்டால் பிடித்துக்கொள்ள இடம் அதிகம். முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்கவும், ஜன்னலுக்கு முன்னால் நின்றால் முகம் இருட்டு. வெற்றிலையை மென்றுகொண்டும் மீசையை வாய்மேல் விட்டுக்கொண்டும் பேசும் மாமாக்களுக்கு என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எண், தேதி, பெயர் மூன்றையும் எழுதியே காட்டவும். அறுபதா இருபதா என்று யூகித்து மருந்து கொடுக்க முடியாது.

அடுக்களையில் நாம் காதால் எவ்வளவு சமைக்கிறோம் என்பது அது போனபின்தான் உறைக்கும். குக்கர் விசில் எண்ண முடியாது, பால் பொங்கும் சத்தம் வராது, குழாய் திறந்து கிடப்பது தெரியாது. விசிலுக்குப் பதில் நிமிடக் கணக்கு வைத்துக்கொண்டு போனில் அதிரும் அலாரம் வைத்துக்கொள்ளலாம். வாசல் மணிக்கு மின்னும் விளக்கு எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் மாட்டித் தருவார். காலையில் எழுப்ப, தலையணைக்கடியில் வைக்கும் அதிரும் கடிகாரமோ கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்சோ போதும். வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு பக்கக் கண்ணாடியையும் உண்மையாகவே பயன்படுத்துங்கள். நம் ஊரில் ஹாரன் அடித்தால் ஒதுங்குவார்கள் என்று நம்பித்தான் பின்னால் லாரி வருகிறது.

போனில் பேச்சை எழுத்தாக்கும் வசதி பெரிய உதவி. கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் 2019-ல் வந்தது, தமிழும் எடுக்கும். நிறுத்திப் பேசினால் நன்றாக எழுதும். தஞ்சாவூர்ப் பேச்சை விரட்டிப் பேசினால் அது எழுதுவதைப் படித்துச் சிரிக்கலாம். பேங்க், ஆஸ்பத்திரி இரண்டுக்கும் இது இல்லாமல் நான் போவதில்லை.

காதில் வண்டு ரீங்காரம் போன்ற இரைச்சல் பலருக்கு இருக்கும். ராத்திரி நிசப்தத்தில்தான் அது கூடும். பேன் ஓடவிட்டுத் தூங்குங்கள், தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். இம்பிளாண்டுக்குப் பின் பலருக்குக் குறைகிறது, ஆனால் எல்லாருக்கும் அல்ல.

களைப்பு பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் இரண்டு மணி நேரம் பத்துப் பேர் வாயை மாறி மாறிப் பார்த்துவிட்டு வந்தால் வயலில் வேலை செய்தது போல உடம்பு விழும். அது சோம்பலல்ல. நடுவில் எழுந்து போய்ப் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்துவிட்டு வாருங்கள். மனம் ரொம்பத் தொய்ந்து, யாரையும் பார்க்கவே பிடிக்காத அளவுக்குப் போனால் அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

4. இம்பிளாண்ட் என்பது என்ன

இரண்டு பாகம். உள்ளே, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சிறு வில்லை, அதிலிருந்து நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் போகும் மெல்லிய மின்முனைக் கம்பி. வெளியே, மைக்கும் பேட்டரியும் உள்ள பிராசஸர், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், 'காயில்' என்ற வட்டமான கம்பிச்சுருள். மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கிச் செத்த செல்களிடமே கொடுக்கிறது. இது செல்களைத் தாண்டி நரம்பையே மின்சாரத்தால் தொடுகிறது.

இதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க்கின் அப்பாவும் என்னைப் போல மருந்துக்கடைக்காரர், அவருக்கும் காது சரியாகக் கேட்காது. கம்பியைச் சுருளுக்குள் முட்டாமல் நுழைப்பது எப்படி என்று திணறிக்கொண்டிருந்த கிளார்க், 1977-ல் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல் தாளை நுழைத்துப் பார்த்திருக்கிறார். நுனி வளைந்து, அடி விறைப்பாக இருந்தால் சுருளுக்குள் தானாக ஏறுகிறது. அடுத்த வருடம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி மெல்போர்னில் முதல் நோயாளிக்கு வைத்தார். ஆஸ்திரியாவில் ஹோக்மையர் தம்பதியும் ஏறக்குறைய அதே நேரத்தில் இதில் இறங்கியிருந்தார்கள். இந்தியாவில் இதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் சென்னை மெட்ராஸ் இஎன்டி ரிசர்ச் பவுண்டேஷனின் மோகன் காமேஸ்வரன்.

இப்போது அந்தக் கம்பியில் 12 முதல் 22 மின்முனைகள். 3,500 செல்கள் செய்த வேலையை 22 முனைகள் செய்ய வேண்டும். பழைய காது திரும்ப வராது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மூளைக்கு ஒரு புது மொழி வருகிறது, அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

5. மதிப்பீடும் பணமும்

மெஷின் போட்ட நிலையில் பேச்சுச் சோதனை, நரம்பின் செயலைப் பார்க்கும் பெரா டெஸ்ட், எலும்பமைப்புக்கு சி.டி., கேள்வி நரம்பு இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ., மயக்க மருந்து தாங்குமா என்ற பரிசோதனைகள். தலைசுற்றல் உள்ளவர்களுக்குச் சமநிலைச் சோதனையும் சேரும். எண்பது வயதிலும் வைத்துக்கொள்கிறார்கள், வயது மட்டும் தடையில்லை.

எந்தக் காது? இரண்டும் வைக்க வசதியில்லாத நிலையில் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி இது. சமீபத்தில் கேட்காமல் போன காது நன்றாகக் கற்றுக்கொள்ளும். மிச்சம் கொஞ்சம் கேட்கும் காதில் வைத்தால் அந்த மிச்சமும் போகலாம். எனக்கு மோசமான வலது காதில் வைத்து, இடது காதில் மெஷினைத் தொடர்ந்தார்கள்.

கருவிகளில் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் காதில் விழும்: ஆஸ்திரேலியாவின் காக்ளியர், ஆஸ்திரியாவின் மெட்-எல், அட்வான்ஸ்டு பயோனிக்ஸ். எது சிறந்தது என்று மாதக்கணக்கில் வீடியோ பார்த்து மண்டையைக் குழப்பிக்கொண்டேன். கேட்க வேண்டியிருந்த கேள்விகள் வேறு. மேப்பிங் செய்ய, அதாவது கருவியை என் காதுக்கேற்றபடி அளந்து அமைக்க, எனக்குப் பக்கத்தில் எந்த ஊரில் ஆள் இருக்கிறார்? கேபிள் அறுந்தால் எத்தனை நாளில் வரும், விலை என்ன? பிராசஸருக்கு எத்தனை வருட வாரண்டி, அதன்பின் மாற்ற எவ்வளவு? எந்த அளவு எம்.ஆர்.ஐ. வரை தாங்கும்? உள்ளே வைப்பது பல வருடம் இருக்கும். வெளியே இருப்பது நம் வெயிலிலும் வியர்வையிலும் தேயும், சில வருடத்துக்கொரு முறை அதற்குச் செலவு வரும் என்பதையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலை மாடலைப் பொறுத்துச் சில லட்சங்களில் ஆரம்பித்துப் பத்து லட்சத்துக்கு மேலும் போகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதை இலவசமாகச் செய்துகொடுக்கிறது. பெரியவர்கள் பெரும்பாலும் சொந்தக் கையிலிருந்துதான் போட வேண்டியிருக்கிறது. தனியார் பாலிசி இருந்தால் வெளிக்கருவிகளை விலக்கும் வரி உள்ளதா என்று படித்துப் பார்த்து, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் 'கவர் ஆகும் சார்' என்று எனக்கும் சொன்னார்கள், ஆகவில்லை.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் எடுத்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பிருந்தால் கேட்டல் குறைபாடு, 70 என்றால் கேளாமை. அரசு மருத்துவக் குழு சான்று தரும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு 75,000 ரூபாய் கழிவு உண்டு, குறைபாடு 80 சதவீதத்தை எட்டினால் 1,25,000.

6. ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்

நிமோகாக்கல் தடுப்பூசியைக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். இம்பிளாண்ட் உள்ளவர்களுக்கு மூளைக்காய்ச்சல் அபாயம் சற்றே கூடுதல். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. கண் விழிக்கும்போது தலையைச் சுற்றிப் பெரிய கட்டு இருக்கும். ஒரு காதில் ஒன்றும் கேட்காது, இன்னொரு காதின் மெஷினை தியேட்டருக்குப் போகுமுன் கழற்றியிருப்பார்கள். கட்டுக்கு மேல் மூக்குக்கண்ணாடி நிற்காது. அதாவது காதும் இல்லை, கண்ணும் இல்லை. அதனால் வீட்டிலேயே நாலைந்து கைச்சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: வலி, தண்ணீர், பாத்ரூம், வாந்தி, 'எல்லாம் நல்லா முடிஞ்சுது'. குழந்தைகள் எழுதி அழிக்கும் எல்சிடி ஸ்லேட் ஒன்று வாங்கி, பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 'காது கேட்காதவர், தொட்டு அழைக்கவும்' என்று அட்டையில் எழுதிக் கட்டிலில் ஒட்டுங்கள். ஷிப்ட் மாறும்போது நர்சுகளுக்கு அதுதான் தகவல். பட்டன் சட்டை எடுத்துப் போங்கள், பனியனைத் தலைவழியே போட முடியாது.

முக்கியமாக வீட்டாரை உட்கார வைத்துப் பேசுங்கள். 'ஆபரேஷன் முடிஞ்சா கேட்டுடும்' என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லி வைத்திருப்பார்கள். கேட்காது என்று இப்போதே சொல்லுங்கள். கருவியைப் போட்டு இயக்கவே மூன்று நான்கு வாரமாகும், பேச்சு பிடிபட மாதங்கள் ஆகும்.

7. ஆபரேஷனும் அமைதியான வாரங்களும்

காதுக்குப் பின்னால் கொஞ்சம் முடி எடுத்து, அங்கே கீறி, எலும்பில் வழி செய்து கம்பியை நுழைக்கிறார்கள். மேஜையிலேயே கருவி நரம்போடு பேசுகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்த்துவிடுவார்கள். முக நரம்பும் சுவை நரம்பும் அந்த வழியில்தான் ஓடுகின்றன. அதனால் முகத்தசை பலவீனம் அரிதாக வரும், நாக்கில் தகர ருசி சிலருக்குச் சில வாரம் இருக்கும். எனக்கு ரசம் ஒரு மாதம் ரசமாக இல்லை. தலைசுற்றலும் சகஜம், முதல் சில நாள் பாத்ரூமுக்குத் துணையோடு போங்கள். மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடி தும்முங்கள். டாக்டர் சொல்லும்வரை தலைக்கு ஊற்ற வேண்டாம். காய்ச்சல், தையலில் சீழ், மூக்கில் தெளிந்த நீர் ஒழுகுவது, கடும் தலைவலி, முகம் கோணுவது, இவற்றில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

8. ஸ்விட்ச் ஆன்

கருவியை முதன்முதலாக இயக்கும் நாளில் ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு மின்முனைக்கும் எது மெல்லக் கேட்கிறது, எது தாங்கும் எல்லை என்று அளந்து பதிவார். இதுதான் மேப்பிங். பிறகு மைக்கைத் திறப்பார்கள்.

எனக்கு வந்தது 'பீங், பீங்' தான். டாக்டர், என் மனைவி, கதவு மூன்றும் ஒரே குரலில் பேசின. என் மனைவி 'கேக்குதாங்க?' என்று கேட்டது தகர டப்பாவுக்குள் குருவி கத்துவது போல இருந்தது. அவள் கண் கலங்கினாள், சந்தோஷத்தில் என்று நினைத்தாள் ஆடியாலஜிஸ்ட். வீடியோக்களில் வருவது போல அந்த நொடியில் யாருக்காவது எல்லாம் புரியலாம், பெரும்பாலோருக்கு என்னைப் போலத்தான்.

அன்றிலிருந்து விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும். முதல் வாரம் மின்விசிறி சத்தம் விமானம் மாதிரி இருக்கும், கடையில் இன்சுலின் வைக்கும் பிரிஜ் என்னை விரட்டியது. கழற்றாதீர்கள். அது பேன், இது பிரிஜ் என்று மூளை பெயர் வைத்துவிட்டால் பின்னால் தள்ளிவிடும்.

பயிற்சிக்கு ஒரு வரிசை இருக்கிறது. தினமும் காலையில் ஆறு ஒலிகள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். வாயை மறைத்துக்கொண்டு ஒருவர் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். இவை பேச்சின் தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சொலிவரை அளந்துவிடும். ஏதாவதொன்று விடுபட்டால் அடுத்த மேப்பிங்கில் சொல்லலாம். அப்புறம் மூடிய பட்டியல்: கிழமைகள், மாதங்கள், தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை பஸ் நிறுத்தங்கள். என்ன வரும் என்று தெரிந்திருப்பதால் மூளை சத்தத்தையும் சொல்லையும் பொருத்திப் பார்க்கும். அடுத்தது, ஒருவர் செய்தித்தாளை வாசிக்க நீங்கள் அதே பத்தியை விரலால் ஓட்டிக்கொண்டு போவது. வாசிப்பவர் நடுவில் நிறுத்தினால் எந்தச் சொல்லில் நிற்கிறது என்று காட்ட வேண்டும். என் மகள் தினம் இருபது நிமிடம் வாசித்தாள், ராசிபலனை மட்டும்தான் வாசிப்பேன் என்று அடம். பரவாயில்லை, அதில் ஒரே மாதிரிச் சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் பயிற்சிக்கு நல்லதாகவே இருந்தது. இடது காது மெஷினைக் கழற்றிவிட்டு இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழக்கப்பட்ட காதே எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளும். போன் பேச்சைக் கடைசியில் வையுங்கள், அதுவும் முதலில் குரல் தெரிந்தவரோடு.

மூன்றாவது வாரம் கடையில் ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கினேன். 'கரக்' என்றது. மறுபடி ஒரு அட்டை எடுத்து நறுக்கினேன். 'கரக்'. வாடிக்கையாளர் கேட்டது ஒரு அட்டையில் பாதி, நான் நாலு துண்டாக நறுக்கிக் கொடுத்தேன். இருபது வருடமாக தினம் நூறு தடவை செய்கிற வேலைக்கு ஒரு சத்தம் உண்டு என்பதே மறந்திருந்தது.

சங்கீதப் பிரியர்கள் பொறுமையாக இருங்கள். 22 முனைகளுக்குத் தாளம் எளிது, சுருதி கஷ்டம். எனக்குத் தவில் சீக்கிரம் வந்துவிட்டது. நாயனம் இன்னும் பாதி வழியில் நிற்கிறது.

மேப்பிங் முதல் சில மாதம் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு, அப்புறம் வருடத்துக்கொரு முறை. பெரும்பாலான முன்னேற்றம் முதல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வரும். போகும்போது 'சரியில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல் எது கேட்கவில்லை என்று எழுதிக்கொண்டு போங்கள்: 'ச-வும் த-வும் ஒன்றாகக் கேட்கிறது', 'பஸ் ஸ்டாண்டில் ஒன்றும் பிடிபடவில்லை'. அதை வைத்துத்தான் அவர்களால் மாற்ற முடியும்.

9. வைத்துக் காப்பாற்றுவது

உள்ளே காந்தம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் கருவி அட்டையைக் காட்டாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள். வேறு ஆபரேஷன் என்றால், தலை கழுத்துப் பக்கம் மின்சாரத்தால் சுடும் கருவியில் எந்த வகையைப் பயன்படுத்தலாம் என்று சர்ஜன் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வைத்த காதில் வலி, காய்ச்சல் வந்தால் கடை மருந்து வேண்டாம், இதை ஒரு கடைக்காரனே சொல்கிறேன். காயில் ஒட்டும் இடம் சிவந்தால் காந்தத்தின் பலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மாற்று கேபிளும் பேட்டரியும் பையில் இல்லாமல் வெளியூர் போகாதீர்கள்.

ராத்திரி படுக்குமுன் பிராசஸரைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, சிலிகா ஜெல் போட்ட உலர் டப்பாவில் வைத்து மூடுகிறேன். வைகாசி வெயிலில் ஒரு நாள் சோம்பல்பட்டதற்கு மைக்கில் ஈரம் ஏறி இரண்டு நாள் கொரகொரத்தது. டப்பா மூடியதும் பழையபடி ஒன்றும் கேட்காது. அதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என் மனைவி எழுந்து முதலில் விளக்கைப் போடுவாள்.